நினைவு வாழும் இடைவெளி

உரைநடை உலகம்

நுழையும்முன்

நேற்றுப் படித்த செய்யுள் இன்று நாவில் நிற்கிறது. சில வேளைகளில் நிற்க மறுக்கிறது. கற்றலும் நினைத்தலும் மறத்தலும் மனத்தின் தொழில்கள் என்று நாம் சொல்கிறோம். அத்தொழில்கள் மூளையின் எந்த இடத்தில், எந்தப் பொருளால் நிகழ்கின்றன? சொல்லும் சொல்லும் சேருமிடத்தில் நிகழும் மாற்றங்களை இலக்கணம் கற்பிக்கிறது. நரம்பும் நரம்பும் சேருமிடத்தில் நிகழும் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு திண்ணையில் இருவர்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் உள்ளது வல்லம். நெல்லும், அவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலையும் விளையும் பகுதி அது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையை மனக்கண்ணில் காண்போம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மறுநாள் தேர்வுக்காகச் செய்யுள் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அருகில் அவளுடைய ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறார்.

“சாப்பிட்டியா கண்ணு?” என்று ஆயா கேட்கிறார். “சாப்பிட்டேன் ஆயா” என்கிறாள் பெயர்த்தி. பத்து நிமிடத்திற்குள் அதே வினா மும்முறை எழுகிறது. நான்காம் முறை கேட்கும்போது, பெயர்த்தியை அவளுடைய தாயின் பெயரால் அழைக்கிறார். ஆனால், இளமையில் கழனியில் பாடிய நடவுப் பாட்டை ஓரடியும் பிழையாமல் பாடுகிறார். மல்லாட்டை உரிக்கும் விரல்களின் வேகமும் குறையவில்லை.

ஒருத்தி புதியதொன்றை மனத்தில் பதிக்க முயல்கிறாள். மற்றவர் மனத்தில் புதியவை பதிய மறுக்கின்றன. பழையவையோ அழியாமல் நிற்கின்றன. இம்மூன்றையும் புரிந்துகொள்ள, நரம்பு செல்களுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளி ஒன்றை நாம் எட்டிப் பார்க்கவேண்டும்.

இடைவெளியைக் கண்டவர்கள்

மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிய வலையா, தனித்தனியானவையா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் விவாதமாக இருந்தது. இத்தாலியின் கமில்லோ கால்ஜி, அவை தொடர்ச்சியான வலை என்றார். அவர் கண்டுபிடித்த சாயமூட்டும் முறையையே பயன்படுத்திய ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால், அவை தனித்தனிச் செல்கள் என்றார். 1906ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசை இவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர். கருத்து வேறுபாட்டை மட்டும் அவர்கள் விடவில்லை. பின்னாளில், 1950களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி கஹாலின் கருத்தே சரி என்று காட்டியது.

இரு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்திற்கு 1897இல் சார்லஸ் ஷெரிங்டன் ‘சினாப்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் அதனை நரம்புச் சந்திப்பு எனலாம். பெரும்பாலான சந்திப்புகளில் இரு செல்களும் தொட்டுக்கொள்வதில்லை. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அவற்றின் இடைவெளி. மின்துடிப்பாக ஓடிவரும் செய்தி, இவ்விடைவெளியை வேதிப்பொருளாக மாறிக் கடக்கிறது. 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயங்களைக் கொண்டு செய்த ஆய்வில், நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்துக்குக் கட்டளையிடுகிறது என்று மெய்ப்பித்தார். அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது.

முதல் செல்லின் முனையில் நுண்பைகள் உள்ளன. மின்துடிப்பு வந்ததும் அப்பைகள் திறந்து, நரம்புணர்வு கடத்திகள் என்னும் மூலக்கூறுகளை இடைவெளியில் கொட்டுகின்றன. மறுகரையில் உள்ள செல்லின் ஏற்பிகள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல அம்மூலக்கூறு பொருந்தியதும், இரண்டாம் செல்லின் வாயில்கள் திறக்கின்றன, செய்தி தொடர்கிறது.

இலக்கணம் காட்டும் ஒப்புமை

நிலைமொழியின் இறுதியும் வருமொழியின் முதலும் சேருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரங்கள் நிகழும் என நாம் கற்றிருக்கிறோம். ஓரெழுத்துப் புதிதாகத் தோன்றலாம். ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் திரியலாம். இருந்த எழுத்து மறையலாம். சொற்கள் அவையே, மாற்றம் நிகழ்வது அவை சேருமிடத்தில்.

மூளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. நாம் ஒரு செய்யுளைக் கற்கும்போது அதற்கெனப் புதிய மூளை ஒன்று முளைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள செல்களின் சந்திப்புகளில் சில வலுப்பெறுகின்றன, சில புதிதாகத் தோன்றுகின்றன, சில மறைகின்றன. கற்றல் என்பது சந்திப்புகளின் மாற்றம். அம்மாற்றம் நிலைத்திருப்பதே நினைவு. ஒன்றாகத் தூண்டப்படும் செல்களின் இணைப்பு வலுப்பெறும் என்னும் கருத்தைக் கனடாவின் டொனால்டு ஹெப் 1949இல் முன்வைத்தார். அதை மெய்ப்பிக்கும் சான்றுகள் பின்னரே கிடைத்தன.

தெரிந்து தெளிவோம்

கன்னியாகுமரி மாவட்டம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் நினைவிற்கொண்டு விடையளித்து, ‘சதாவதானி’ என்று பாராட்டப்பெற்றார். அவதானக் கலை, பயிற்சியால் நினைவாற்றல் எவ்வளவு விரியக்கூடும் என்பதற்குச் சான்று.

திரிதல்: சந்திப்பு வலுப்பெறுதல்

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் இளைஞருக்கு, தீராத வலிப்புநோயைப் போக்குவதற்காக மூளை அறுவை செய்யப்பட்டது. மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால், அதன்பின் நிகழ்ந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்றுமுன் சந்தித்தவரையே புதியவராகக் கண்டார். எனினும் இளமை நினைவுகள் பல எஞ்சியிருந்தன. கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியில் அவருடைய கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. பயிற்சி செய்ததோ அவருக்கு நினைவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் இதனை ஆய்ந்து, நினைவு ஒரேவகைப்பட்டதன்று எனக் காட்டினார். புதிய நிகழ்வுகளைப் பதிக்க ஹிப்போகேம்பஸ் வேண்டும். கைத்திறன் பதிவது வேறு இடங்களில்.

அந்த ஹிப்போகேம்பஸில் நிகழ்வது என்ன? 1973இல் திமோதி பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர் முயலின் ஹிப்போகேம்பஸ் நரம்புகளை விரைவான மின்துடிப்புகளால் சிறிதுநேரம் தூண்டினர். அதன்பின் அச்சந்திப்புகள் மணிக்கணக்கில் வலுவுற்றே இருந்தன. முன்பு மெல்லக் கேட்ட செய்தி, இப்போது உரக்கக் கேட்டது எனலாம்.

இவ்வலுவின் வேதியியல் வியப்பூட்டுவது. இங்கே செய்தி கொண்டுசெல்லும் மூலக்கூறு குளூட்டமேட். அதைப் பற்றும் ஏற்பிகளில் ஏஎம்பிஏ, என்எம்டிஏ என இருவகை உண்டு. முதல்வகை, குளூட்டமேட் வந்ததும் திறக்கும். இரண்டாம் வகையின் வாயிலை மக்னீசிய அயனி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். மறுகரைச் செல்லும் அதே வேளையில் போதிய அளவு தூண்டப்பட்டிருந்தால்தான் மக்னீசியம் விலகும். ஆகவே, இது இரண்டு சாவிகள் கொண்ட பூட்டு. இருகரையும் ஒருசேர விழித்திருக்கும்போது மட்டுமே அது திறக்கும். கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் சில நொதிகளைத் தூண்ட, அவை கூடுதலான ஏஎம்பிஏ ஏற்பிகளைச் சந்திப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தும். மறுமுறை அதே செய்தி வரும்போது அதைப் பற்றக் காத்திருக்கும் கைகள் அதிகம். ஹெப் எண்ணிய விதி, இவ்வாறு ஒரு மூலக்கூறின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

தோன்றல்: புதிய சந்திப்புகள்

ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுவதால் விளையும் வலு நெடுநாள் நிற்பதில்லை. நெடுநாள் நினைவுக்கு வேறொன்று வேண்டும். அதைக் கண்டறிய எரிக் காண்டல் தேர்ந்தெடுத்த உயிர், ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பு செல்களே கொண்ட கடல் நத்தை. ஒருமுறை அதிர்ச்சி தந்தால், அது சில நிமிடங்களே எச்சரிக்கையாக இருந்தது. இடைவெளி விட்டுப் பலமுறை தந்தால், நாள்கணக்கில் அதை நினைவில் வைத்தது. குறுகிய நினைவில், இருக்கும் புரதங்களே சற்று மாறின. நீண்ட நினைவிலோ, செய்தி செல்லின் உட்கருவரை சென்று மரபணுக்களை இயக்கி, புதிய புரதங்களை உருவாக்கி, புதிய சந்திப்புகளை முளைக்கச் செய்தது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானது. புரத உற்பத்தியைத் தடுத்தால் குறுகிய நினைவு உண்டாயிற்று. நீண்ட நினைவு உண்டாகவில்லை. இவ்வாய்வுகளுக்காகக் காண்டல் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கு ஓர் ஐயம் எழும். மூளையின் புரதங்களுள் பெரும்பாலானவை சில நாள்களிலோ வாரங்களிலோ சிதைந்து, புதியவற்றால் மாற்றப்படுகின்றன. அவ்வாறாயின், எழுபது ஆண்டுக்கு முந்தைய நடவுப் பாட்டு எதில் நிற்கிறது? 1984இல் பிரான்சிஸ் கிரிக் இவ்வினாவை எழுப்பினார். சந்திப்பில் உள்ள சில நொதிகள் குழுவாக இயங்குவதே இதற்கு முன்வைக்கப்பட்ட ஒரு விடை. குழுவில் ஓர் உறுப்பு மாற்றம் பெற்றால், அது தன் அண்டை உறுப்பையும் மாற்றும். பழைய உறுப்பு போய்ப் புதியது வந்தாலும், மாற்றம் கைமாறித் தொடரும். பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபீந்தர் பல்லாவும் நியூயார்க்கில் பணியாற்றிய ரவி ஐயங்காரும் 1999இல் வெளியிட்ட கணினி மாதிரியில், சிறிதுநேரத் தூண்டலுக்குப் பின்னும் நீடிக்கும் நிலையை இத்தகைய வேதிவினைகளின் கூட்டமைப்பு தரவல்லது என்று காட்டினர். ஓட்டை மாற்றி ஓட்டை வேய்ந்தாலும் வீட்டின் வடிவம் மாறாதிருப்பதுபோல, மூலக்கூறுகள் மாறினும் சந்திப்பின் வடிவம் காக்கப்படுகிறது.

கெடுதல்: நலமும் நோயும்

கெடுதலும் ஒரு விதியே. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மிகுதியாகத் தோன்றும் சந்திப்புகள், வளரிளம் பருவம்வரை படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. பயனில் உள்ளவை நிற்க, பயனற்றவை உதிர்கின்றன. களை பறித்த வயலில் பயிர் செழிப்பதுபோல, இவ்விழப்பால் மூளை செம்மையுறுகிறது. எல்லாவற்றையும் மறவாதிருத்தல் அறிவுடைமையாகாது. தேவையற்றதை மறத்தலும் மூளையின் தொழிலே.

ஆனால், பயிரே பறிக்கப்பட்டால்? கால்ஜியும் கஹாலும் பரிசு பெற்ற அதே 1906ஆம் ஆண்டில், ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர், நினைவை இழந்து மறைந்த பெண்ணொருவரின் மூளையில் தாம் கண்ட படிவுகளையும் முறுக்கிய இழைகளையும் பற்றி உரையாற்றினார். பிற்காலத்தில் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. படிவுகளில் இருப்பது அமைலாய்டு என்னும் புரதத்துண்டு. இழைகளில் இருப்பது டௌ என்னும் புரதம். நோயாளியின் அறிவுத்திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதோடு பெரிதும் பொருந்துவது படிவுகளின் அளவன்று, சந்திப்புகளின் இழப்பே. அமைலாய்டு துண்டுகளின் சிறு கூட்டங்கள், படிவாகத் திரள்வதற்கு முன்னரே சந்திப்புகளை நலிவிக்கின்றன. நோய் தொடக்கத்திலேயே ஹிப்போகேம்பஸைத் தாக்குவதால் இன்றைய செய்தி பதிவதில்லை. பெருமூளைப் புறணியில் பரவி வேரூன்றிய பழம்பாட்டும், வேறிடத்தில் பதிந்த கைத்திறனும் நெடுங்காலம் எஞ்சுகின்றன. திண்ணையில் நாம் கண்ட மூதாட்டியின் நிலைக்கு இதுவே காரணம்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் அவர்களின் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. சந்திப்பின் மறுகரையில் காணப்படும் நுண்முள்களைத் தாங்குவது ஆக்டின் என்னும் புரத இழை. கூரையைத் தாங்கும் மூங்கிற்கழி போன்றது அது. அல்சைமர் நோய்க்கூறு கொண்ட எலிகளில், நினைவுக்குறை வெளிப்படும் முன்பே இவ்விழைகள் குலைவதை அவர்கள் கண்டனர். இழைகளை நிலைபெறச் செய்தபோது எலிகளின் நினைவுக்குறை சீரடைந்தது. எலியில் கண்டது மனிதர்க்கு மருந்தாக நெடுந்தொலைவு உண்டு. ஆயினும், சந்திப்பு அழியுமுன் அதைக் காக்கும் காலம் ஒன்று உண்டு என்பதை இது உணர்த்துகிறது. அந்நிறுவன வளாகத்தில் இயங்கும் மூளை ஆய்வு மையம், கர்நாடகத்தின் கோலார் மாவட்டச் சீனிவாசபுர வட்டத்தில் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள ஊரக மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவருவதும் இதன்பொருட்டே.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களைப் பேணும் குடும்பங்களையும் எண்ணினால், இது நம் தெருவின் செய்தி என்பது விளங்கும்.

ஒரு நொதி, இரு முகங்கள்

சந்திப்பில் செய்தியைக் கொண்டுசெல்வது எவ்வளவு தேவையோ, முடிந்ததும் அதை நிறுத்துவதும் அவ்வளவு தேவை. அசிட்டைல்கோலினை நொடிப்பொழுதில் சிதைத்து இடைவெளியைத் துப்புரவு செய்யும் நொதி, அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ். அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலின் குறைவதால், இந்நொதியை அளவாகத் தடுக்கும் டோனெபெசில் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருகின்றனர். இருக்கும் சிறிதளவு கடத்தி சற்றுக் கூடுதல் நேரம் நிற்கிறது. அறிகுறிகள் ஓரளவு தணிகின்றன. இம்மருந்து நோயை வேரறுப்பதன்று.

அதே நொதியை அளவின்றி முடக்குபவை ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள். பூச்சியின் நரம்புச் சந்திப்பும் மனிதனின் நரம்புச் சந்திப்பும் ஒரே வேதியியலைக் கொண்டவை. ஆதலால் வயலில் முகக்கவசமும் கையுறையும் இன்றி மருந்தடிப்பவரின் உடலில் புகுந்தால், கண்மணி சுருங்கும், எச்சில் பெருகும், தசைகள் துடித்துத் தளரும், மூச்சு நின்று உயிரும் போகலாம். மருந்தும் நஞ்சும் ஒரே பூட்டைத் தொடுகின்றன. அளவே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

மற்றொரு கடத்தியான டோபமைனின் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரன், இராமசுவாமி ஆகியோர், நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதைகளிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இருபதாண்டுகள் கழித்து, சுவீடனின் அர்விட் கார்ல்சன், இந்தியச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்பட்ட ரெசர்பின் மருந்தை முயல்களுக்குத் தந்தார். அவை அசைவற்றுப் போயின. எல்-டோபா தந்ததும் மீண்டும் இயங்கின. மூளையில் எல்-டோபா, டோபமைனாக மாறுவதே காரணம். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக விளங்குவது எல்-டோபாவே. மருத்துவர் வகுத்த அளவின்றி விதையை உண்பது தீங்கு தரும்.

சந்திப்பைக் காத்தல்

மன அழுத்தம் சந்திப்புகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பெங்களூருவின் சுமந்திர சட்டர்ஜியும் அவர்தம் குழுவினரும் 2002இல் எலிகளில் காட்டினர். தொடர்ந்த அழுத்தத்தால் ஹிப்போகேம்பஸ் செல்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்திற்குரிய அமிக்டலா செல்களின் கிளைகளோ வளர்ந்தன. அஞ்சிப் படிப்பவருக்குப் படித்ததைவிட அச்சமே நன்கு பதிகிறது போலும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவி இதிலிருந்து கற்கவேண்டியவை எளியவை. ஒரே இரவில் நூறுமுறை படிப்பதினும், நாள்களை இடைவிட்டுச் சிலமுறை படிப்பது நிலைக்கும். கடல் நத்தை கற்றதும் அவ்வாறே. நூலை மீண்டும் மீண்டும் பார்ப்பதினும், மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப்பார்ப்பது சிறந்தது. பகலில் பதிந்தவற்றை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. உறக்கத்தைத் துறந்து படிப்பது, விதைத்துவிட்டு நீர் பாய்ச்ச மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஆயாவுக்கு வேண்டியவை வேறு. மறதி மிகும்போது ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு முதலியவற்றால் வரும் மறதியைச் சீராக்க வழியுண்டு. குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைத்தல், செவித்திறன் குறைந்தால் கருவி பொருத்துதல், உடலுழைப்பு, பிறரோடு பேசிப் பழகுதல் ஆகியன மறதிநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. நோய் உறுதியானபின், குடும்பத்தாரின் பொறுமையே பெருமருந்து. ஐந்தாம் முறை அதே வினாவைக் கேட்பவர் நம்மைச் சோதிக்கவில்லை. நாம் சொன்ன விடையைத் தாங்கிப்பிடிக்க, அவர் மூளையில் சந்திப்பு வாய்க்கவில்லை.

மீண்டும் அத்திண்ணைக்கு வருவோம். ஆயா பாட, பெயர்த்தி நூலை மூடிவைத்துவிட்டு அந்த நடவுப் பாட்டைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறாள். ஒருவர் மூளையில் பதிந்த பாட்டு, மற்றொருவர் மூளையில் புதிய சந்திப்புகளைத் தேடிக்கொள்கிறது. “சாப்பிட்டியா கண்ணு?” என்று ஆயா மறுபடியும் கேட்கிறார். “சாப்பிட்டேன் ஆயா” என்கிறாள் பெயர்த்தி, முதன்முறை சொல்வதுபோலவே.

கலைச்சொல் அறிவோம்

நரம்பு செல் – நியூரான்
நரம்புச் சந்திப்பு – சினாப்ஸ்
நரம்புணர்வு கடத்தி – நியூரோடிரான்ஸ்மிட்டர்
ஏற்பி – ரிசெப்டார்
நொதி – என்சைம்
மறதிநோய் – டிமென்ஷியா

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் நடவுப் பாட்டு, தாலாட்டு, விடுகதை ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதி, வகுப்பறையில் வழங்குக.
2. ஒரு செய்யுளை ஒரே நாளில் பலமுறை படித்தும், மற்றொன்றை நான்கு நாள்கள் இடைவிட்டுப் படித்தும், பத்து நாள் கழித்து எது நினைவில் நிற்கிறது எனக் கலந்துரையாடுக.

குறுவினா

1. கால்ஜி, கஹால் ஆகியோரின் கருத்து வேறுபாடு யாது?
2. என்எம்டிஏ ஏற்பி ‘இரண்டு சாவிகள் கொண்ட பூட்டு’ எனப்படுவது ஏன்?

சிறுவினா

1. ஹென்றி மொலைசனின் நிலை நினைவின் வகைகளைப் பற்றி உணர்த்துவன யாவை?
2. ‘மருந்தும் நஞ்சும் ஒரே பூட்டைத் தொடுகின்றன’ – விளக்குக.

நெடுவினா

தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்களோடு நரம்புச் சந்திப்பின் மாற்றங்களை ஒப்பிட்டு, கற்றலும் மறத்தலும் நிகழும் முறையைக் கட்டுரையாக்குக.